வீடு எப்படிப் பற்றுகிறது? விறகடுப்பு சொல்லும் காட்டுத்தீக் கணக்கு

2023 ஏப்ரலில் கோவை ஆலாந்துறையை அடுத்த நாதேகவுண்டன்புதூர் மலையில் பிடித்த தீ பல நாள் அணையவில்லை. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர் வந்தது. மலம்புழா அணையில் தண்ணீரை மொண்டு, எல்லை தாண்டிக் கொண்டுவந்து மலைமேல் கொட்டியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் குன்னூர்க் காட்டுத்தீக்கும் அதே வைத்தியம்தான். அங்கே விமானப்படை ஊற்றிய நீர் 16,000 லிட்டருக்கு மேல். கேட்பதற்குப் பெரிய எண். ஆனால் கோடையில் நம் தெருவுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி 12,000 லிட்டர் பிடிக்கும். ஆக ஒன்றேகால் லாரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

மலை எரியும்போது எல்லோரும் ஹெலிகாப்டரைத்தான் அண்ணாந்து பார்க்கிறோம். அடிவாரத்தில் வீடு கட்டியிருப்பவர் பார்க்க வேண்டிய இடம் வேறு. மருதமலை, தடாகம், மாங்கரை, ஆனைகட்டி, நரசீபுரம், பூண்டி, பாலமலை, கல்லார், ஆழியாறு, ஆசனூர் என்று கொங்கு நாட்டின் மேற்கு விளிம்பு முழுக்கக் காடும் வீடும் ஒரே வேலியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்த வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு எதனால் பற்றும், எதனால் தப்பும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. விறகடுப்பு மூட்டிப் பழகியவருக்கு அது பாதி தெரிந்த விஷயம். ஆகவே அடுப்பங்கரையிலிருந்தே தொடங்குவோம்.

மூட்டும் வரிசை

நெருப்புக்குச்சியைக் கிழித்து நேராக வேலமரக் கட்டையில் வைப்பவர் யாரும் இல்லை. முதலில் பன்னாடை, அல்லது காய்ந்த தென்னோலை. அது பிடித்ததும் சுள்ளி. சுள்ளி நின்று எரிந்த பிறகு மட்டை. கட்டை கடைசியில்தான். மெலிந்தது சட்டெனச் சூடேறிச் சட்டெனக் காய்கிறது. தடித்தது இரண்டையும் மெதுவாகச் செய்கிறது.

காட்டுத்தீயை ஆராய்பவர்களும் எரிபொருளை இதே வரிசையில்தான் அடுக்குகிறார்கள். 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிமன் உள்ள புல்லும் சருகும் ‘ஒரு மணிநேர எரிபொருள்’. சுற்றியுள்ள காற்று வறண்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இவையும் வறண்டுவிடும். 25 மில்லிமீட்டர் வரையிலான சுள்ளிக்குப் பத்து மணிநேரம். 75 மில்லிமீட்டர் வரையிலான கிளைக்கு நூறு மணிநேரம். விடியலில் பனி குடித்துச் சொதசொதவென்று கிடக்கும் சருகு, பிற்பகல் இரண்டு மணிக்குக் காலடியில் நொறுங்குவது இதனால்தான். ‘நேற்று சாரல் விழுந்ததே’ என்ற நம்பிக்கை மரத்துக்குப் பொருந்தலாம், சருகுக்குப் பொருந்தாது.

புல்லின் வேகம் என்ன என்பதைத் தேனி மாவட்டத்துக் குரங்கணி 2018 மார்ச் 11 அன்று காட்டியது. சென்னையிலிருந்தும், நம் ஈரோடு திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேறப் போனவர்கள் புல்சரிவில் தீயிடம் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடர்ந்த காட்டைவிடக் காய்ந்த புல்வெளியில் தீ ஓட்டமாக ஓடும். அடுப்பில் கட்டை எரிய அரை நாள் ஆகும். பன்னாடைக்கு ஒரு நிமிடம் போதும்.

இதை வீட்டுக்குப் பொருத்துங்கள். வீட்டின் சுவர், கதவு, விட்டம் எல்லாம் கட்டை. அவை தாமாகப் பற்றுவதில்லை. அவற்றின் அருகே யாரோ பன்னாடையும் சுள்ளியும் வைத்திருக்க வேண்டும். அந்த யாரோ, பெரும்பாலும், வீட்டுக்காரரேதான்.

அடுப்பு வாயின் வெப்பம்

எரியும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் முகம் சுடும். ஒரு முழம் தள்ளிப் பலகையைப் போட்டால் பொறுக்கலாம். சுவரோரம் போய்விட்டால் வெளிச்சம் மட்டும்தான் வரும். தள்ளிப்போகப் போக வெப்பக் கதிரின் உறைப்பு விரைந்து குறைகிறது.

காட்டுத்தீயின் உறைப்பு எவ்வளவு தூரம் வரும்? அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் இதற்கு விடை தேடினார். 1990களின் இறுதியில் கனடாவின் வடமேற்கில், ஊசியிலைக் காட்டுக்கு எதிரே மரச்சுவர்களை நிறுத்திவைத்துக் காட்டைக் கொளுத்திப் பார்த்தார்கள். மர உச்சிக்கும் மேலே எழும் பெருந்தீ அது. 10 மீட்டரில் நின்ற சுவர்களில் சில பற்றின. 20 மீட்டரில் நின்றவை பற்றவில்லை. 30 மீட்டரில் கருகிய தடம்கூட இல்லை. சோதித்தது மரச்சுவர், நம் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அதைவிடத் தாங்கும்.

அப்படியானால் காட்டிலிருந்து நூறடி தள்ளிக் கட்டிய வீடுகள் எப்படி எரிகின்றன? 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்த தீயில் 85 பேர் இறந்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அங்கே எடுத்த படங்களில் ஒன்று உறுத்தும்: வீடு இருந்த இடத்தில் சாம்பல், அதன் பக்கத்திலேயே பச்சை மாறாமல் நிற்கும் மரங்கள். பெருஞ்சுவாலை வந்து வீட்டை விழுங்கியிருந்தால் மரம் எப்படிப் பிழைக்கும்? தீ அந்த வீடுகளுக்கு வேறு வழியாக வந்திருக்கிறது.

தெறிக்கும் பொறி

எரியும் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளினால் பொறி பறக்கும். அடுப்பங்கரைக்குள் அது ஆளைத் தாண்டாது. காட்டில் அதே பொறிக்குக் கீழிருந்து எழும் வெப்பக்காற்றும் பக்கத்திலிருந்து அடிக்கும் காற்றும் சேர்ந்து தோள்கொடுக்கின்றன. பட்டைத் துணுக்கும் கருகிய இலையும் மூங்கில் செதிலும் தணலோடு பறந்து, தீ முகப்புக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் முன்னால், சில நேரம் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் விழும். காட்டோர வீடுகளைப் பெரும்பாலும் கொளுத்துவது இந்தப் பொறிதான்.

விழுந்த பொறி சிமெண்டுத் தரையில் சாம்பலாகிவிடும். பன்னாடையில் விழுந்தால் அடுப்பு பற்றிவிடும். ஆகவே வீட்டைப் பார்க்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: பொறி வந்து உட்காருவதற்கு இங்கே பன்னாடை எங்கே இருக்கிறது?

தேடிப்பார்த்தால் பட்டியல் நீளும். ஓலைச் சாளையும், விடுதிக்காரர்கள் அழகுக்கு வேய்ந்த குடிலும் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதவைதான் அதிகம். சீமை ஓட்டுக்கும் ரீப்பருக்கும் இடையிலுள்ள சந்தில் அணில் கூடு கட்டியிருக்கும். நாரும் பஞ்சுமாக அதைவிடச் சிறந்த பன்னாடை கிடையாது. மழைநீர்த் தூம்பில் போன கார்த்திகையிலிருந்து சேர்ந்த இலைக் குப்பை, மொட்டைமாடி சோலார் தகட்டுக்கு அடியில் காற்று ஒதுக்கிய சருகு, கதவோரம் கிடக்கும் தேங்காய்நார் மிதியடி, பொடக்காலியில் அடுக்கிய விறகு, சாக்கு மூட்டை, கட்டுத்தரையை ஒட்டிய சோளத்தட்டுப் போர். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கமென்றால் களத்தில் உலரும் தென்னை நாரும் சேரும்.

பொறி உள்ளே நுழையும் வாய்களும் உண்டு. கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்காக விட்ட இடைவெளி, ஜன்னல், வென்டிலேட்டர். கொசுவுக்குப் போட்ட நைலான் வலை வெப்பத்தில் உருகிப் போகும். 3 மில்லிமீட்டருக்குள் கண் உள்ள உலோக வலை பொறியைத் தடுக்கும். ஆஸ்திரேலியாவில் 2 மில்லிமீட்டர் கேட்கிறார்கள். கண்ணாடி வெப்பத்தில் விரிசல் விட்டு உதிர்ந்தால், அடுத்துக் காத்திருப்பது திரைச்சீலை.

ஊதாங்குழலும் சாய்வும்

புகையும் அடுப்பை ஊதாங்குழலால் ஊதினால் சுவாலை சாய்ந்து, இன்னும் எரியாத விறகை நக்கும். நக்கிய இடம் சூடேறி ஈரம் போய், எரியத் தயாராகிவிடும். காற்று தீக்குச் செய்வது இதைத்தான். ஆக்சிஜனைக் கொடுப்பதோடு அடுத்த விறகைக் காயவும் வைக்கிறது.

சரிவும் இதே வேலையைச் செய்யும். விறகைச் சாய்த்துச் செருகி அடிமுனையில் தீ வைத்தால் கிடுகிடுவென மேலே ஏறும். மேல்முனையில் வைத்தால் கீழே இறங்கத் தயங்கும். மலைச்சரிவு 10 டிகிரி கூடினால் மேலேறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது ஆஸ்திரேலியத் தீயணைப்பாளர்களின் கைக்கணக்கு. 20 டிகிரிச் சரிவில் நான்கு மடங்கு.

நம் ஊர்க்காரருக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் இருக்கின்றன. அடிவாரத்து வீட்டை நோக்கித் தீ இறங்கித்தான் வர வேண்டும், மெதுவாகத்தான் வரும். ஆனால் பகலில் மலைமேல் ஏறும் காற்று இரவில் திரும்பிக் கீழே வீசும். எரியும் கட்டைகள் சரிவில் உருண்டு, எரியாத புல்லுக்குள் விழும். பகலில் ‘தீ மேலே போய்விட்டது’ என்று படுக்கப் போவது தப்பு. வால்பாறை, தாளவாடி, பர்கூர் போல மலைமேலேயே குடியிருப்பவர்களுக்குச் சரிவு நேர் எதிரி. மேட்டின் உச்சியில், காட்சிக்காக விளிம்பில் கட்டிய வீடு, சாய்த்து வைத்த விறகின் மேல்முனையில் இருக்கிறது.

பரணில் ஏறும் தீ

அடுப்புக்கு மேலே பரண் கட்டி ஈர விறகைக் காயவைப்பது பழைய வழக்கம். அடுப்புக்கும் பரணுக்கும் இடையே ஆள் உயரம் இருக்கும்வரை ஆபத்தில்லை. இடையில் ஒரு சாக்கு தொங்கினால் கதை வேறு.

காட்டில் தொங்கும் சாக்கு, உண்ணிச்செடி. 19ஆம் நூற்றாண்டில் அழகுக்காகக் கொண்டுவந்த செடி, இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மனிதர் நுழைய முடியாத புதராகிவிட்டது. தரையில் ஓடும் சருகுத் தீ இந்தப் புதரில் ஏறி, அங்கிருந்து மரக்கிளைக்குத் தாவுகிறது. பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் கோடைத் தொடக்கத்தில் சருகை மட்டும் மேலாக எரித்துவிடும் ‘தரகு பெங்கி’ என்ற பழக்கத்தை வைத்திருந்தார்கள். சிறு தீ பெருந்தீக்கு வேண்டிய விறகை முன்கூட்டியே தின்றுவிடும் என்பது அதன் தத்துவம். வன உயிரினச் சட்டம் அதைத் தடுத்தது. அது நின்றதும் உண்ணிச்செடி பெருகியதற்குக் காரணங்களில் ஒன்று என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். இன்று யாரும் தானாகச் செய்யக்கூடிய வேலை இல்லை அது. புதர் அடர்ந்துவிட்ட காட்டில் அதே சிறு தீ சிறிதாக நிற்காது.

தோட்டத்தில் இதே ஏணி தென்னையிலும் பனையிலும் இருக்கிறது. காய்ந்த ஓலையைக் கழிக்காமல் விட்ட மரத்தில் ஒரு பொறி உட்கார்ந்தால், உச்சியில் பந்தம் எரியும். எரிந்த மட்டை கீழே விழும்போது வீட்டுக் கூரை அருகில் இருக்கக்கூடாது.

எவ்வளவு தள்ளி, எதை நீக்குவது?

இயக்கம் புரிந்துவிட்டால் காப்பு எளிது. கலிபோர்னியாவில் வீட்டைச் சுற்றி மூன்று வளையம் வைத்துச் சொல்வார்கள்: 5 அடி, 30 அடி, 100 அடி. நம் தோட்டத்து வீட்டுக்கும் அது அப்படியே பொருந்தும்.

முதல் 5 அடியில் எரியக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது. விறகு, சாக்கு, நார் மிதியடி, காய்ந்த கொடி, சுவரை ஒட்டிய குரோட்டன்ஸ் வேலி, உபரி சிலிண்டர் எதுவும். மண் தரையோ சிமெண்டோ சரளையோ போதும். கூட்டிச் சாணம் தெளித்த வாசல் இதற்கு ஏற்கெனவே பொருத்தமானது. வாசலைக் கூட்டுபவர்கள் பொடக்காலியையும் கூட்டினால் வேலை முடிந்தது.

30 அடி வரை, தீ நடந்து வர முடியாதபடி தொடர்பை அறுக்க வேண்டும். புல்லைக் கணுக்கால் உயரத்துக்குக் கீழே வைத்திருங்கள். மரங்களின் தாழ்ந்த கிளைகளைக் கழித்து, கூரைமேல் நீட்டும் கொம்பை வாங்கிவிடுங்கள். தட்டுப்போரும் விறகுக் குவியலும் இந்த எல்லைக்கு அப்பால், முடிந்தால் வீட்டுக்குக் கீழ்ச்சரிவில் இல்லாமல், போகட்டும். நெல்லும் சோளமும் அடித்த காலத்துக் களத்துமேடு இன்னும் மிச்சமிருந்தால் அதைக் காட்டுப் பக்கமே வையுங்கள். புல் முளைக்காத இறுகிய மண்ணைப் போல் தீத்தடுப்புக் கோடு வேறில்லை. வனத்துறையும் கோடைக்கு முன்னால் காட்டுக்குள் செய்வது இதைத்தான்: புல்லையும் சருகையும் நீக்கிக் கோடு போடுவது.

100 அடி வரை மரங்கள் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அடியில் உள்ள சருகும் புதரும் மட்டும் குறைந்தால் போதும். தீக்குப் பயந்து மரத்தை வெட்டுவது தேவையற்றது. மலைப் பகுதியில் பல இடங்களில் அனுமதி இல்லாமல் வெட்டுவது குற்றமும்கூட. பச்சைமரம் பொறியைத் தடுத்துப் பிடிக்கும் திரையாகவும் நிற்கும். 100 அடிக்குள் வேறொருவர் நிலமோ காப்புக்காடோ வந்துவிட்டால் அங்கே கைவைக்கும் உரிமை நமக்கில்லை. வனச்சரக அலுவலகத்தில்தான் பேச வேண்டும்.

சூரிய மின்வேலிக் கம்பியில் புல் உரசாமல் பார்ப்பதும், தாழ்ந்து தொங்கும் மின்கம்பியைப் பற்றி மின்வாரியத்தில் சொல்வதும் இதே பட்டியலில் சேரும்.

தண்ணீர் எங்கே உதவும்?

எரிகிற அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் புகையும் சாம்பலும் எழும். தீ போய்விட்டது போலத் தோன்றும். கட்டையின் உள்ளே தணல் இருந்தால் கால் மணி நேரத்தில் மறுபடி கனலும். ஹெலிகாப்டர் ஊற்றும் நீரின் நிலையும் இதுவே. சுவாலையை அமர்த்தி, ஆட்கள் கிட்டே போக இடம் தருகிறது. பிறகு வனக் காவலர்களும் பழங்குடிக் கிராமத்துத் தீத்தடுப்புக் காவலர்களும் பச்சைத் தழையால் அடித்து, கட்டையைப் புரட்டி, மண்ணைத் தள்ளினால்தான் தீ உண்மையில் சாகும்.

வீட்டிலும் தண்ணீரைப் பொறிக்காகச் சேமித்து வைக்க வேண்டும். தீ வரும்போது மின்சாரம் போய்விடும், போர் மோட்டார் ஓடாது. சொட்டுநீர்க் குழாய் உருகிவிடும். மேல்தொட்டி நிறைய நீரும், மருந்து அடிக்கும் முதுகுத் தெளிப்பானும் அப்போது கைகொடுக்கும். மருந்துக் கலனை நன்றாகக் கழுவி நீர் நிரப்பினால், ஓட்டின்மேல் விழும் பொறியை அணைக்கப் போதுமான கருவி அது.

தீ கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் 101 அல்லது 112. கால்நடைகளை அவிழ்த்துவிடுங்கள், கயிற்றில் கட்டிய மாடு ஓட முடியாது. சிலிண்டரை மூடி, ஜன்னலையும் கதவையும் சாத்தி, திரைச்சீலையைக் கழற்றி, பருத்தித் துணி உடுத்தி, தீ வரும் திசைக்குக் குறுக்காக, சரிவில் மேலே போகாமல், வெளியேறுங்கள். முன்கூட்டிச் சுத்தமாக வைத்த வீடு ஆளில்லாமலே தப்பிக்கும் வாய்ப்பு அதிகம். எதிர்த்தீ வைப்பது வனத்துறையின் பயிற்சி பெற்றவர்கள் வேலை. காற்றின் போக்கு மாறினால் வைத்தவர் மேலேயே அது திரும்பும். தீ கடந்தபின் வீட்டுக்காரருக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ஓட்டுச் சந்து, தூம்பு, விறகுக் குவியல் எல்லாவற்றையும் அடுத்த சில மணிநேரம் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

குச்சி யார் கையில்?

இதுவரை தீ காட்டிலிருந்து வருவதாகவே பேசினோம். நம் நாட்டில் மின்னலால் பிடிக்கும் காட்டுத்தீ மிகக் குறைவு. பெரும்பாலான தீயை மனிதர்தான் வைக்கிறார்கள், தெரிந்தோ தெரியாமலோ. தோட்டத்துச் சருகைக் கூட்டி வேலியோரம் கொளுத்துவது, புதுப்புல் துளிர்க்கட்டும் என்று மேய்ச்சல் சரிவுக்குத் தீ வைப்பது, வீசியெறிந்த பீடி. வெள்ளியங்கிரி ஏழுமலைக்குப் பக்தர்கள் ஏறும் பிப்ரவரி முதல் மே வரையிலான காலமும் காட்டுத்தீக் காலமும் ஒன்றே. அடுப்பு மூட்டும் கை வேலிக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே தீயைக் கண்டு குறுஞ்செய்தி அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவுசெய்து பெறலாம். அதன் கண்ணுக்கு ஒரு புள்ளி 375 மீட்டர் அகலம். பெரும்பாலும் பிற்பகல் ஒன்றரை மணியளவிலும் நள்ளிரவு தாண்டி அதே நேரத்திலும் கோள் கடந்துபோகிறது. மூன்று மணிக்கு வேலியோரம் வைத்த சருகுத் தீயை அது பார்ப்பதற்குள் மலை பாதி ஏறியிருக்கும். காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயத்தில் என்றால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேரும்.

ஆகவே சுத்தம் செய்ததைக் கொளுத்தாதீர்கள். மட்டையையும் சருகையும் தென்னைக்கு மூடாக்காக, வீட்டிலிருந்து தள்ளியுள்ள வரிசைகளில், மண்ணும் ஈரமும் சேரப் பரப்பலாம், குழியில் மக்கவிடலாம். பொங்கல் முடிந்து இலை உதிரத் தொடங்கும்போது ஒரு முறை, மாசியில் இன்னொரு முறை, பிறகு கோடைமழை வரும்வரை தூம்பையும் பொடக்காலியையும் வாரம் ஒரு முறை. வீட்டைச் சுற்றி ஐந்தடியைக் கூட்ட யாருடைய அனுமதியும் வேண்டாம். முப்பதடிக்குள் பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் வரப்பு வந்துவிடும். அவருடைய தட்டுப்போர் உங்கள் கூரைக்குப் பன்னாடை, உங்களுடையது அவருக்கு. பங்காளி வரப்புத் தகராறு ஏதும் நிலுவையில் இருந்தால், இந்தத் தை மாதத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.